பல் அக்காவுக்கு, வலி தங்கைக்கு

அக்காவின் கடைவாய்ப் பல் சொத்தையானது. வலி நான்கு தெரு தள்ளியிருந்த தங்கைக்கு வந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம், நடந்தது இதுதான். அக்கா பிஸ்கட் ஆலையில் பதம் பார்ப்பவள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தட்டு சூளையிலிருந்து வரும்; ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்கட்டைக் கடித்து, மொறுமொறுப்பு சரியா என்று சொல்ல வேண்டும். பதினாறு வருடச் சர்க்கரை பல்லில் குழி தோண்டிவிட்டது. ஈறு வீங்கிச் சீழ் கட்டியது, பேச வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கோ எறும்பு கடித்த அளவுகூட வலி கிடையாது. தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவள் தாடையில் இடி இறங்கும். ஒருநாள் மைக்கிலேயே "ஐயோ அம்மா" என்று அலறிவிட்டாள். இரண்டாம் நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு வெளியே ஓடினார்கள்.

பல் மருத்துவர் நல்ல மனிதர்தான், ஆனால் மகா அவசரக்காரர். தங்கையின் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிப் பார்த்துவிட்டார். வலி அசைந்து கொடுக்கவில்லை. ஆலை விடுமுறையன்று மட்டும் தாடை நிம்மதியாக இருந்ததைக் கண்டபோதுதான் தங்கைக்குப் பொறி தட்டியது. அக்கா வீட்டுக்கு ஓடினாள், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"எனக்கு வலிக்கவே இல்லையே, நான் எதுக்குடி புடுங்கிக்கணும்?" என்றாள் அக்கா. வலிதான் தங்கையிடம் போயிருந்தது, பயம் முழுக்க அக்காவிடமே தங்கிவிட்டது. இரண்டு முறை மருத்துவமனை வாசல்வரை வந்து, கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போனாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு ரயில்வே தலைமை அலுவலகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு. தடுமாறினால் வேலை இல்லை.

"நாலு வருஷமா இதுக்குத்தானே அக்கா காத்துக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு ஒன்பது மணிக்கே புடுங்கிக்கோ, தேர்வுக்குள்ள வலி அடங்கிடும், நான் தாங்கிக்கிறேன்," என்றாள் தங்கை. மரத்துப்போகும் ஊசியையும் அவளுக்கல்லவா போட வேண்டும்? போட்டால் நாக்கு குழறும். ஊசி வேண்டாமென்று முடிவானது.

அக்கா வந்தாள், ஒன்பது மணிக்கே உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. திறந்த வாயை அந்த அவசரக்காரர் விடுவாரா? கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் குறடை வைத்து இழுத்தார்.

அங்கே ரயில் நிலையத்தில் தேர்வு அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். தங்கை மூன்றாம் நடைமேடை ரயிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி தாக்கிய வேகத்தில் குரல் மேலே மேலே ஏறியது, ஆனால் ஓர் எழுத்து பிசகவில்லை. அடேயப்பா, என்ன குரல்! மைக்கின் கம்பி கருகிப்போயிற்று. ஆலையில் மாவு பிசைந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டிவிட்ட ரயில் ஒன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வந்து நின்றது. அதிகாரி "குரல் மிகத் தெளிவு, நிரந்தரம் செய்யலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவின் காதிலும் அந்தக் குரல் விழுந்தது. தன் பல் போய்விட்டதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். பஞ்சு வைக்க வந்த மருத்துவரின் கையைத் தள்ளினாள்.

"முதல்ல அவளுக்கு வலி மாத்திரை எழுதுங்க டாக்டர்."

மருத்துவர் சீட்டில் தங்கையின் பெயரை எழுதினார். வேளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.