ஏழாம் வகுப்பில் ஏற்றப்பாட்டு

ரோசலின் டீச்சர் ஆர்மோனியத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேசைமீது ஏறியபோது, ஏழாம் வகுப்பில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. 1958, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. திண்டுக்கல்லில் அன்று எந்தக் கிணற்றிலும் வாளி நனையவில்லை. பேகம்பூருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மட்டும் சிலேட்டுகள் மிதந்தன. எதிரே நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தவர் பள்ளி இன்ஸ்பெக்டர் இருதயநாதன். பாட்டு வகுப்பால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று எழுதி அதை மூடிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புவதாக இருந்தார். மூடினால் டீச்சருக்கு வேலை போகும்.

நடந்தது இதுதான். பாட்டின் சரித்திரத்தை டீச்சர் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே தொடங்கினார். தாலாட்டு, கும்மி, கோயில் கீர்த்தனை, பக்கிரிகள் தப்ஸ் தட்டிப் பாடுவது என்று எதிலிருந்து எது கிளைத்தது எனக் கரும்பலகையில் ஒரு மரமே வரைந்தார். பிறகு ஆளுக்கொரு பாட்டுக் கட்டிவரச் சொன்னார். குஜிலியம்பாறையிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்து மூக்காயி, கிணற்றில் நீர் இறைப்பவர்கள் மேலே வரும் ஒவ்வொரு சாலுக்கும், அதாவது ஏற்ற வாளிக்கும், ஒரு வரியாக எண்ணிப் பாடும் ஏற்றப்பாட்டை எடுத்து, தன் தெருவின் காலிக் குடங்களை வைத்துப் புது வரிகள் கட்டியிருந்தாள். இன்ஸ்பெக்டர் முன்னால் வகுப்பே அதைப் பாடியது. முதல் வரியிலேயே தரை நனைந்தது; மூலையிலிருந்த குடிதண்ணீர்ப் பானை உடைந்திருக்கும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. நூறு எண்ணி முடிந்ததும், மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த டீச்சர், பல்லவிக்குத் திரும்புவதுபோல முதல் வரிக்குத் திரும்பச் சொன்னார். ஏற்றத்தில் அப்படிப் பாடினால் அடுத்த வயலுக்கும் நீர் வேண்டும் என்று அர்த்தம். தண்ணீருக்கு அது தெரியும். பாட்டை நிறுத்திய பிறகும் சால் சாலாக வந்தது.

முதல் ஆளாகக் குடத்தோடு வந்த பேகம்பூர் சைதூன் ஜன்னல் வழியே, "என்னம்மா, உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, நல்ல தண்ணீர்தான் என்று சர்க்கார் குரலில் அறிவித்தார். வரிசை மூன்று தெருவுக்கு நீண்டது. ஒன்றரை மணிக்குப் பசி பொறுக்காத இன்ஸ்பெக்டர் எழுந்து, போதும் நில் என்று தண்ணீரை அதட்டினார். நின்றுவிட்டது. தண்ணீரே தம் சொல் கேட்ட பெருமிதத்தில், பாட்டு வகுப்பு அத்தியாவசியம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் கோடைதோறும் பாட்டுப் பீரியடுக்குத் தெரு குடத்தோடு வந்தது. தாலாட்டு நடத்திய வாரங்களில் மட்டும் ஹெட்மாஸ்டர் நாலு மணிவரை தூங்கினார்.

1967இல் மூக்காயி அதே பள்ளிக்கு டீச்சராக வந்தாள். இன்ஸ்பெக்டரின் அதட்டலை ரோசலின் டீச்சர் பெருமையாக நினைவுகூர, இவள் சிரித்துவிட்டாள். ஏற்றத்தை நிறுத்தக் கடைசி வரி ஒன்று உண்டென்றும், அன்று அதை வாய்க்குள் பாடியது தான்தான் என்றும் சொன்னாள்.

"அடிப்பாவி, தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய ரெண்டு மணி நேரம் மேசை மேல நிக்க வச்ச?"

"என்ன செய்ய டீச்சர், எங்கம்மால்ல வரிசையில கடைசியா நின்னுச்சு."