தட்டினால் விட வேண்டும்

நிஜச் சண்டைக்கு எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று இப்போது யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. போன வருடம் கேட்டிருந்தால் நிற்க வைத்துக் காது புளிக்கப் பேசியிருப்பேன். என் தங்கையிடம் அப்படித்தான் பேசினேன். பாவி நான்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். மாத்திரை அட்டையைக் கத்தரித்து, உறையில் வேளை எழுதிக் கொடுக்கும் வேலை. டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு ஒரு தடியன் அடிக்கடி வருவான். ஒருநாள் கவுண்டருக்கு மேலாக எட்டி அவள் கையைப் பிடித்து முறுக்கிவிட்டான். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்ததால் தப்பித்தாள்.

மறுநாளே, "அண்ணா, நான் ஏதாவது கத்துக்கணும்" என்று வந்து நின்றாள்.

எங்கள் பக்கத்தில் மூன்று வகுப்புகள். பள்ளிக்கூட மண்டபத்தில் கராத்தே, சைக்கிள் கடை மாடியில் குத்துச்சண்டை, நான் எட்டு வருடமாகப் போகும் ஜூடோ. மூன்றையும் ஒவ்வொரு நாளாகப் போய்ப் பார்த்தாள்.

"கராத்தேல காத்தைத்தான் குத்துறாங்க. பாக்ஸிங்ல முதல் நாளே மூக்குல ஒண்ணு வாங்கிட்டேன்ணா. பாதி பயம் அங்கயே போயிடுச்சு. ஒண்ணு குடுத்துட்டு ஓடிடுன்னு சொல்றாங்க. எனக்கு அதுதான் சரி."

"மூஞ்சி கோணிப்போனா யாரு பாக்குறது? கிறுக்கா உனக்கு? நிஜச் சண்டைன்னா கட்டிப் புரள்றதுதான். பேசாம என்கூட வா."

அவள் மூஞ்சியைப் பற்றி எனக்கென்ன அக்கறை! உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூடோவுக்கு ஜோடி வேண்டும். என் முன்கோபத்துக்குப் பயந்து வகுப்பில் ஒருத்தரும் என்னோடு சேரவில்லை. இரண்டு மாதமாக ஆளில்லாமல் போய் வந்துகொண்டிருந்தேன். தங்கை வந்தால் எனக்கு ஆள் கிடைக்கும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அவளும் மறுபேச்சுப் பேசாமல் வந்தாள். கெட்டிக்காரி. ஐந்தே மாதத்தில் கையைப் பூட்டுவது அத்துப்படி ஆகிவிட்டது. வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பூட்டில் மாட்டியவர் வலி தாங்காமல் கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். ஒருமுறை என் கையை விட அவள் கொஞ்சம் தாமதித்தாள். எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"தட்டுறது காதுல விழல? மனுஷியா நீ?"

அதன்பிறகு அவள் ஒருநாளும் தாமதித்ததில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன், பட்டப்பகலில், அந்தத் தடியன் மறுபடி வந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையையே இழுத்துக் கவுண்டர்மேல் பூட்டிவிட்டாள். அவனால் அசைய முடியவில்லை. கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். இன்னும் ஐந்து நிமிடம் பிடித்திருந்தால் போதும். வலியில் அவன் இன்னொரு கையால் கவுண்டரைப் படபடவென்று தட்டினான்.

இவள் விட்டுவிட்டாள்.

விட்டதும் அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக் கவுண்டர் விளிம்பில் ஓங்கி அடித்துவிட்டு ஓடிப்போனான். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. "ஏம்மா விட்ட?" என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "தட்டினான் சார்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கியது.

நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இனி மடங்குவது சந்தேகம்தான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. கடையில் அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாகிவிட்டது.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் நல்லதுக்கு நான் சொல்லலம்மா. எனக்கு ஜோடி இல்ல. அதான் உன்னை இழுத்துட்டுப் போனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் குனிந்து இடக்கையால் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தெரியும்ணா. நான் பாக்க வந்த அன்னைக்கு எல்லாரும் ஜோடி ஜோடியா நின்னாங்க. நீ மட்டும் சுவரோரமா உக்காந்து பெல்ட்டை அவுத்து அவுத்துக் கட்டிட்டு இருந்த. எனக்கு மனசு கேக்கல. அதான் பாக்ஸிங் வேணாம்னு விட்டுட்டேன்."