சீமாட்டியின் மூட்டுப்பொடி

அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறையோடு அப்படிக் கூப்பிடும் உரிமை நாத்தனார் ஒருத்திக்குத்தான் உண்டு, அவள் வாயிலோ அந்தச் சொல் வசவு மாதிரி வரும்.

இப்போதைய சண்டை சீமாட்டியை வைத்து. இருபத்திரண்டு வயதுக் குதிரை, முன்னங்காலில் மூட்டுவாதம். "அத எங்கயாவது மேய்ச்சலுக்கு அனுப்பிட்டு, கொட்டடிய என் புதுக் குதிரைக்குக் குடு" என்று நாத்தனார் தன் அண்ணனிடம் கேட்டுவிட்டாள். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், அந்தக் குடும்பத்தில் மூஞ்சியைச் சுளிக்காமல் அவளை ஏற்றுக்கொண்டது சீமாட்டி ஒன்றுதான். நழுவுவதில் கெட்டிக்காரனான கணவன், பொறுப்பைக் கால்நடை டாக்டர் தலையில் கட்டினான். மூன்று மாதம் கழித்து டாக்டர் ஓடவிட்டுப் பார்ப்பார். நடை தேறினால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும்.

"மூட்டுப்பொடி வாங்கும்போது டப்பா மேல இருக்கிற படத்தப் பாக்காதீங்க. ஒரு கரண்டில மருந்து எவ்வளவுன்னு பாருங்க" என்றார் டாக்டர். அண்ணி நான்கு டப்பாக்களை மேசையில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடியெழுத்தையெல்லாம் படித்தாள். ஒன்றில் பாதிக்கு மேல் சர்க்கரை. இன்னொன்றில் மூட்டு மருந்தான குளுக்கோசமைன் பேருக்குத்தான் இருந்தது.

"பரீட்சைக்குப் படிக்கிறீங்களா அண்ணி?" என்றாள் அந்தப் பக்கம் வந்த நாத்தனார்.

"நீ படிச்சிருந்தா நான் படிக்க வேண்டியிருக்காது."

கடைசியில் மருந்து அதிகமிருந்த வெள்ளைப் பொடியைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு மாதம் தினமும் ஓட்ஸில் கலந்து வைத்தாள். நொண்டல் குறையவில்லை. ஒருநாள் கழுவலாமென்று தீவனத் தொட்டியைப் பெயர்த்தால், மூலையில் விரல்கனத்துக்கு வெள்ளையாக அப்பியிருந்தது. மகராசி மூக்கால் ஊதி ஊதிப் பொடியை ஒதுக்கிவிட்டு ஓட்ஸை மட்டும் தின்றிருக்கிறாள்.

நாத்தனார் பக்கத்துக் கொட்டடியில் வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இது மருந்து தின்னலன்னு உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானே."

"நீங்க கேக்கலையே."

கையிலிருந்த தொட்டியை அவள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது அண்ணிக்கு. வீம்புக்குத் தானே முயன்றாள். வெல்லப்பாகில் குழைத்தாள், கேரட்டில் பிசைந்தாள், ஆப்பிளுக்குள் ஒளித்தாள். சீமாட்டி முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. பத்து நாள் வீணானது. தாயில்லாக் குட்டியாக இருந்தபோது அதற்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் நாத்தனார்தான். ரோஷத்தை மென்று விழுங்கிக்கொண்டு அண்ணி அவளிடமே போய் நின்றாள்.

"எப்படித் தின்ன வைக்கிறது?"

"பாகுல குழைச்சு என் உள்ளங்கைல வச்சா நக்கும். வேற யார் கைலயும் நக்காது."

"அப்ப நீ குடு."

நாத்தனார் சிரித்தாள். அதில் சந்தோஷமே இல்லை. "நான் வளத்த குட்டி. நீங்க வந்த அன்னையிலேர்ந்து உங்க பின்னாலயே சுத்துது. அதப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு அது இங்க இல்லாமலே போகட்டும்னுதான் கொட்டடியக் கேட்டேன். மருந்து நான் குடுக்கறேன், கொட்டடியும் அதுக்கே இருக்கட்டும். ஆனா நீங்க அது பக்கம் வரக் கூடாது. உங்க குரல் கேட்டா அது என்கிட்ட நிக்காது."

"எத்தன நாளைக்கு?"

"அது இருக்கிற வரைக்கும்."

அண்ணிக்கு வாய்வரை வந்த வார்த்தைகள் ஒன்றும் நல்லவை அல்ல. டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் டாக்டர் கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்த்தார். "முழுசா குணமாகாது. ஆனா நடை தேறியிருக்கு. இருக்கட்டும், மருந்த மட்டும் விடாம குடுங்க" என்றார்.

சீமாட்டி வேலிக்கு அப்பால் நின்ற அண்ணியைக் கண்டு கனைத்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு இரண்டடி வந்தது. நாத்தனார் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணியை முறைத்தாள்.

ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வந்துவிடும். அண்ணி வாயைத் திறக்காமல் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே அது இன்னும் கனைத்துக்கொண்டிருந்தது.