யானை வழிவிடும் நேரம்

ஓசூர் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை செய்யும் ஜெயப்ரியாவிடம், நான் உருவாக்கிய அட்வென்ச்சர் கேமை விளையாடக் கொடுத்தேன். காட்டுப்பாதையை ஒரு யானை மறித்து நிற்கும். தோட்டத்திலிருந்து வாழைத்தார் கொண்டுவந்து கொடுத்தால் விலகும். ஆறு மாதம் மூளையைக் கசக்கி யோசித்த புதிர் அது.

அவள் தாரைத் தொடவே இல்லை. போனை கேன்டீன் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"என்ன செய்யுத?" என்றேன் எரிச்சலாக.

"அது போவட்டும்னு இருக்கேண்ணா. வாழத்தார் குடுத்தா நாளைக்குக் கூட்டத்தோட வரும். எங்க தேன்கனிக்கோட்டையில யாராவது இப்படிச் செய்வாங்களா? கதையில இருக்கறவங்க செய்யாதத நம்மள செய்ய வெச்சா, அது என்ன புதிர்?"

தூத்துக்குடிக்காரனான நான் யானையைக் கோயிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். புதிரை மாற்றினேன். இப்போது எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால் யானை தானாகவே போய்விடும்.

விளையாடிய நண்பர்கள் எல்லோரும் கேம் ஹேங் ஆகிறது என்று திட்டினார்கள். ஊரில் கேழ்வரகு பயிரிடும் ஜெயப்ரியாவின் அப்பா மட்டும் போனில் கூப்பிட்டார்.

"யானை போயிடுச்சு தம்பி. அடுத்து என்ன?"