முதலில் கூப்பிடும் பெயர்

ரோமாபுரியில் படைக்கு ஆள் எடுக்கும்போது முதலில் கூப்பிடும் பெயர் மங்களமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர் தோற்றுவிடும். துணி வெளுக்கும் சல்வியுஸின் பெயருக்குச் 'சேதமில்லாதவன்' என்று பொருள். அதனால் இதுவரை நடந்த பதினொரு போருக்கும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஒரு காதையும் இரண்டு விரல்களையும் அங்கங்கே விட்டுவிட்டு, மற்றபடி சேதமில்லாமல் திரும்பியிருந்தான்.

இந்த வருஷம் பாமரர்கள் கூடிப் பேசினார்கள். மேட்டுக்குடியாரின் பிரம்பைத் தடுக்க நமக்கென்று காவல் தலைவர்கள் வேண்டும்; அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவனும் 'இருக்கிறேன்' என்று சொல்லக்கூடாது. எல்லோரும் உற்சாகமாகக் கை தூக்கினார்கள். முதல் பெயர் அவர்களுடையதில்லையே.

"பேசாம நின்னா அவனுங்க தோல உரிப்பானுங்க. பேசினா நம்மாளுங்க உரிப்பாங்க. எதுக்கும் பழைய துணியையே கட்டிட்டுப் போய்யா," என்றாள் மனைவி நேவியா. சொல்லிவிட்டு அவன் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அது அவனை இன்னும் கலக்கியது.

சந்தைவெளியில் செருப்புத் தைக்கும் ஒப்பியுஸ் காத்திருந்தான். "மாப்ளே, வாயத் திறந்தியோ, தெருவுல உனக்கு நெருப்பும் கிடையாது, தண்ணியும் கிடையாது."

"நீ என் இடத்துல நில்லேன்."

"என் பேரு அவ்வளவு அழகில்லையே."

மேடைக்குப் பக்கத்தில் கட்டிவைத்து அடிக்கும் தூண் இருந்தது. போன மாசம் ஒரு கொத்தனாரைக் கட்டி அடித்த ரத்தம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. கறை பார்த்துப் பழகிய கண் சல்வியுஸுடையது. அது எந்தச் சாம்பல் போட்டு வெளுத்தாலும் போகாது என்று கண்டுகொண்டான். அந்தக் கணமே முடிவு செய்தான். கூப்பிட்டதும் 'இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவது. நெருப்பில்லாமல் பச்சைக் கீரை தின்று வாழலாம்.

"சல்வியுஸ்," என்றார் ஆட்சித்தலைவர்.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. பயத்தில் குரல் எங்கோ இறங்கிப் போயிருந்தது. அவன் முழங்கால்கள் மோதிக்கொண்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் இடப்பக்கமாகப் பறந்தன. சகுனம் பார்ப்பவர் முகம் சுளித்தார்.

"சல்வியுஸ்." மறுபடியும் காற்று.

மூன்றாவது முறைக்குப் பிறகு பிரம்புக்காரர்கள் இருவர் அவனைத் தூணுக்கு இழுத்துத் துணியைக் கிழித்தார்கள். முதல் அடி விழுந்தது. அலறக்கூட முடியவில்லை.

"பாருங்கடா, வாயத் திறந்து காட்டுறான். சத்தம் மட்டும் குடுக்கமாட்டேங்குறான்," என்று யாரோ தழுதழுத்தார்கள்.

ஆட்சித்தலைவர் இரண்டாவது பெயரைக் கூப்பிட்டார். பதிலில்லை. மூன்றாவது பெயருக்கும் இல்லை. பிறகு கூட்டம் மொத்தமாகத் தூணை நோக்கி நகர்ந்தது. பிரம்புகள் முறிந்தன. சல்வியுஸ் யார் யாருடைய தோளிலோ ஏறியிருந்தான்.

"நம்ம முதல் காவல் தலைவன் இவன்தான்," என்றான் ஒப்பியுஸ். "இனிமே எவன் முதுகுக்குப் பிரம்பு வந்தாலும் இவன்தான் குறுக்க நிப்பான். என்ன மாப்ளே, சம்மதமா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினான் சல்வியுஸ். ஆனால் உடம்பு முழுவதும் ஆடிக்கொண்டிருந்ததால் தலை ஆடியது தனியாகத் தெரியவில்லை. கூட்டம் ஆரவாரித்தது.

மேடையில் நின்ற ஆட்சித்தலைவர் மட்டும் அந்த 'மாட்டேன்' என்ற தலையாட்டலைக் கண்டுகொண்டார். அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.