வாசலோரம் கருகிய சுவர்

தீவிபத்து ஆய்வாளர், சோதனைக்கென்று கட்டிய அறையில் கட்டிலோரமாகத் தானே தீ வைத்தார். அணைத்துவிட்டுப் பார்த்தால், காற்று புகுந்த வாசலோரச் சுவர்தான் மோசமாகக் கருகியிருந்தது. கட்டில் பக்கம் அவ்வளவு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அக்கா வீடு எரிந்தபோது, ஜன்னலோரச் சமையல் மேடை அதிகம் கருகியிருந்ததைப் பார்த்து, அடுப்பின்மேல் பழியைப் போட்டவர் அவர்தான். அன்றிலிருந்து மாமா அக்காவைக் குத்திக்காட்டாத நாளில்லை.

உடனே அக்காவுக்குப் போன் செய்தார். "அக்கா, அடுப்புலதான் ஆரம்பிச்சதுன்னு நான் அடிச்சுச் சொன்னது தப்புக்கா. கருகினதை மட்டும் வச்சு அப்படிச் சொல்லவே முடியாது."

"என்கிட்ட எதுக்குடா சொல்ற? அடுப்பை அணைச்சது எனக்குத் தெரியாதா? இரு, மாமாகிட்ட போனைக் குடுக்கறேன்."