மடிமேல்

என் தங்கை மகன் அகரனை என் மடியில் வைத்தால், மூன்று விரற்கடை உயரத்திலேயே நின்றுகொள்வான். கீழே இறங்க மாட்டான்.

காரணம் எளியது. நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் பாலியெஸ்டர் சேலைப் பிரிவில் முப்பது வருடமாக நிற்கிறேன். விரித்துக் காட்டும் ஒவ்வொரு சேலையும் கையில் உரசி, கொஞ்சம் எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு போகிறது. அகரனுக்கு ஒரு வயது. பிளாஸ்டிக் பாயில் நாள் முழுக்கத் தவழ்கிறான். பாயும் அதையே செய்கிறது. ஆக, இருவருக்கும் நேர்மின்னூட்டம். ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். ஒரே பொருளை இழந்த இருவர் நெருங்கிவிடுவார்கள் என்றுதான் இளமையில் நினைத்திருந்தேன்.

கடைக்கு வரும் பெண்களின் முந்தானை என் பக்கம் சாயும். முதலாளி அதை வியாபாரத் திறமை என்கிறார். கூட வேலை செய்கிறவர்களோ மூன்றடிக்குள் வருவதில்லை. அதற்குக் காரணம் மின்னூட்டமா, என் சுபாவமா என்று நிறைய யோசித்திருக்கிறேன். மின்னூட்டம் என்றே வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் குலதெய்வக் கோயிலில் அகரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் குத்துவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மடி என்ற சொல்லோடு எனக்கிருந்த தொடர்பெல்லாம் சேலை மடிப்பதுதான். எப்படியாவது அவன் என் மடியில் உட்கார வேண்டும் என்று ஒரு மாதமாக ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். முப்பது வருட மின்னூட்டம், அசையவில்லை. குழந்தையை மண்ணில் நிறுத்தலாம் என்றால், காது குத்தும்வரை கால் தரையில் படக்கூடாது என்பது மாப்பிள்ளை தங்கமுத்து வீட்டு வழக்கம்.

கோயிலில் சித்தப்பா தன் மகன் நாச்சிமுத்துவைப் புது வேட்டியில் தயாராக உட்கார வைத்திருந்தார். அவனும் அகரனுக்கு மாமன் முறைதான். பகலெல்லாம் நெல்வயல் சேற்றில் நிற்கிறவன், உடம்பில் மின்னூட்டமே கிடையாது. அவன் மடியில் எதை வைத்தாலும் உட்காரும்.

தங்கை பூங்கொடி குழந்தையை என் மடியில் வைத்தாள். சித்தப்பா குனிந்து, எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வெற்றிலையை விட்டார். அது அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

"வெத்தல போகுது. இது உட்கார்ந்த மாதிரி ஆகாது. நாச்சிமுத்து, நீ வாடா."

பூங்கொடி காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தாள். "தாய்மாமன் மடிமேல் வைத்துன்னுதானுங்க சித்தப்பா போட்டிருக்கு. மேலதான இருக்கறான்?"

"மேலன்னா பட்டுக்கிட்டு இருக்கோணும் கண்ணு."

"தலைக்கு மேல ஃபேன் ஓடுதுங்களே, உங்க தலைல உட்கார்ந்துட்டா ஓடுது?"

சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். பூசாரியும் பார்த்தார். சரிதான் என்றார்கள். நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி வேலைக்குப் போனான்.

காது குத்தும் பத்தர் தங்கக் கம்பியோடு வெறுங்காலில் வந்தார். காதுக்கு ஒரு விரல் தூரம் இருக்கும்போதே பட்டென்று ஒரு நீலப் பொறி தாவியது. காதில் துளை விழுந்திருந்தது. "நல்ல கை" என்றார் பத்தர், தன் கையைப் பார்த்து. அகரனின் மின்னூட்டம் கம்பி வழியாக அவரிடம் போய், அவர் கால் வழியாக மண்ணுக்குப் போனது. அவன் மெல்ல இறங்கி என் மடியில் அமர்ந்தான். ஒன்பது கிலோ இருப்பான். இன்னொரு காதைக் கையால்தான் குத்த வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் அழுதான்.

பிறகு பூங்கொடி அவனைத் தூக்கினாள். வரவில்லை. தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பதைப் போல, மின்னூட்டம் உள்ள நான் மின்னூட்டம் இல்லாத அவனை இழுத்துக்கொண்டிருந்தேன். தங்கமுத்துவும் சேர்ந்து இழுத்தார். ஒரு சாண் வந்தான். திரும்பப் போய் ஒட்டிக்கொண்டான்.

"விடுங்க மச்சான்."

"நான் புடிக்கலைங்க மாப்ள." சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று யோசித்தேன்.

"காத்துல ஈரம் வந்தா விட்டுருமுங்க" என்றார் பத்தர்.

தங்கமுத்து மழைக்கு ஆள் அனுப்பினார். அரை மணி நேரத்தில் ஒரு சின்ன மேகம் வந்து, மண்டப வாசலில் செருப்பைக் கழற்றியது. அவசரத்தில் சாப்பிடாமல் கிளம்பிவிட்டதாகவும், கை நனைத்துவிட்டு உடனே பெய்வதாகவும் சொன்னது. பந்தியில் எனக்கு எதிரே அதற்கு இலை போட்டார்கள்.

அகரன் தூங்கிவிட்டான். அவன் எச்சில் என் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் மோர்ச்சாதத்துக்கு வந்துவிட்டது.

நான் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, மேகத்துக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.